கோட்டிங்கன் ரிட்டர்ன்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்து டீக்கடை பெஞ்சில் அவரை அடையாளம் காணச் சிரமப்பட வேண்டாம். மற்றவர்கள் நூல் விலையையும் சப்பட்டை மாம்பழ விலையையும் பேசிக்கொண்டிருக்கும்போது, காலி கிளாஸைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு, "கோட்டிங்கன்ல பாத்தீங்கன்னா..." என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர்தான். உடனே பெஞ்சில் இரண்டு பேருக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். ஜெர்மனியில் அப்படி ஓர் ஊருக்குப் பெயர் வைத்ததில் யார் குற்றமும் இல்லை. ஆனால் ஆறு மாதம் ஆராய்ச்சிக்குப் போய் வந்தவரைப் பார்த்து, "கோட்டிங்கன் போய் கோட்டி பிடிச்சு வந்திருக்கு" என்று டீ மாஸ்டர் சொல்லாமல் இருப்பாரா? போய் வந்த எங்கள் அண்ணன் உச்சரிப்பைத் திருத்திப் பார்த்தார். "கோ இல்லண்ணே. உதட்டைக் குவிச்சுக்கிட்டு 'கே' சொல்லுங்க. கேட்டிங்கன்." மாஸ்டர் உதட்டைக் குவித்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "கேட்டீங்கன்னான்னு சொல்றீங்களே தம்பி, இங்க யாரு கேட்டா?" என்றார்.

அண்ணன் கிருஷ்ணன்கோவிலில் ஆராய்ச்சி செய்கிறார். வீடு ராஜபாளையம். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் பஸ். இவ்வளவு காலம் ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டே தாண்டியவருக்கு, ஜெர்மனி விசா வந்த அன்றைக்குத்தான் ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் பட்டது.

பயணத்துக்கு முன் வீட்டில் நடந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா யுத்தம். புவிசார் குறியீடு 2019-லேயே வாங்கிய சரக்கு. அம்மா இரண்டு கிலோ கட்டிவைத்துவிட்டார். ஐரோப்பிய யூனியனுக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால்பொருள் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம் என்று இவர் படித்துக் காட்டினார். "பாலைத்தானே கொண்டு வரக் கூடாதுங்கான்? இது கோவால்ல?" என்றார் அம்மா. இந்த வாதத்துக்கு பிரஸ்ஸல்ஸில்கூட உடனே பதில் கிடைத்திருக்காது. அண்ணன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு பால்கோவாவை வைத்துவிட்டுப் போனார். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் அவர் பெட்டியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அங்கே இருந்த ஆறு மாதமும் அவர் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். போனில் தினமும் கேட்டுக்கொண்டிருந்த நான் சாட்சி. வீடு பிடித்து, இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிந்து, வங்கிக் கணக்கு திறந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்துருச்சா?" என்பார். வெங்காயம் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டார். மருந்துக்கடையில் வாங்கிய துணிச்சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ்தானா என்று தேடியிருக்கிறார். ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம் பதினோரு நிலை, சுமார் 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பதே இதுதான் என்று தன் மதிப்பெண் சான்றிதழைக் காட்டி ஆய்வகத்தில் எல்லாரையும் நம்பவைத்திருக்கிறார். ஆனால் அந்த ஊர் யாக்கோபி தேவாலயக் கோபுரம் 72 மீட்டர், அதாவது 236 அடி. இந்தத் தகவலை அவர் ராஜபாளையத்தில் இதுவரை வெளியிடவில்லை. நானாகத் தேடிக் கண்டுபிடித்தது.

பழைய நகர மன்றத்தின் முன் நீரூற்றில் 1901 முதல் வாத்துக்காரிச் சிறுமியின் சிலை ஒன்று நிற்கிறது. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் மேலே ஏறி அவளுக்கு முத்தம் கொடுத்துப் பூ வைப்பது அந்த ஊர் வழக்கம். இவர் பட்டம் வாங்கவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனார். சின்னப் பெண், கையில் பறவை, சுற்றிலும் பூ. கையில் கிளியோடு நிற்கும் ஆண்டாளைப் பார்த்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டுவிட்டார். பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர், அதுவும் சடங்கில் சேர்த்தி என்று நினைத்து, தானும் போட்டுக்கொண்டாராம்.

இப்படிப்பட்டவர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கோட்டிங்கனில் குடியேறினார்.

குப்பையை ஐந்தாகப் பிரித்து ஐந்து பையில் வைத்தார். தூய்மைப் பணியாளர் அக்கா எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, மக்குறதா மக்காததா? அதை மட்டும் சொல்லுங்க. ஏழு தெரு கிடக்கு" என்றார். காலிப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் கொடுத்தால் அங்கே 25 சென்ட் திருப்பித் தருவார்கள் என்று பெட்டிக்கடை அண்ணாச்சிக்குப் பாடம் எடுத்தார். அண்ணாச்சி கலர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே, "எங்கப்பா காலத்துல டெபாசிட் கட்டாம ஒரு கோலி சோடா பாட்டில் இந்த வாசலைத் தாண்டினதில்ல" என்றார். டாஸ்மாக்கில் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டத்தைப் பற்றி பெஞ்சிலிருந்து ஒரு நிபுணர் விளக்க ஆரம்பித்ததும் அண்ணன் எழுந்துவிட்டார்.

நாய் விஷயத்தில்தான் நிலைமை மோசமானது. ஜெர்மனியில் நாய்க்கு வரி உண்டு, பெரிய நாய்க்கு ரயிலில் டிக்கெட்டும் உண்டு. இதை அவர் சொன்ன இடம் ராஜபாளையம். 2005-ல் தபால்தலையில் ஏறிய வெள்ளை நாயின் சொந்த ஊர். எதிர்வீட்டுத் தாத்தா தன் நாயைத் தடவிக்கொண்டே, "இதுக்கு வரியா? வசூல் பண்ண இது கிட்ட எவன் வருவான்?" என்று கேட்டார்.

ஒரு ஒப்பீடு சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹிட்லர் ஆட்சியில் 1933-ல் கோட்டிங்கன் பேராசிரியர் வேலையை இழந்தவர் மாக்ஸ் போர்ன். சர் சி.வி. ராமன் அழைத்து, 1935-36-ல் பெங்களூரில் ஆறு மாதம் இருந்தார். அதே ஆறு மாதம்தான். பிறகு எடின்பரோ போனவர், அங்கே யாரையாவது பெஞ்சில் பிடித்துவைத்து "பெங்களூர்ல பாத்தீங்கன்னா" என்று ஆரம்பித்ததாகத் தகவல் இல்லை. 1954-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

எங்கள் அண்ணன் ஆய்வுக் கட்டுரையை இன்னும் முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை திறப்பதில்லை என்பதால் இங்கே அவர் கடைக்குப் போவதில்லை. மதியம் அங்கே அமைதி நேரம் என்பதால் இங்கே கதவைச் சாத்திக்கொள்கிறார். ஆகவே வேண்டுகோள் இதுதான்: அவர் தெருப்பக்கம் போகிறவர்கள் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தயவுசெய்து காலிங்பெல் அடிக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வருகிறவர்கள் மட்டும் எந்த நேரமும் அடிக்கலாம்.