பதின்மூன்று வேலிக்குத் தண்ணீர்

சிங்கப்பூருக்குப் போய் மீன் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். "மீன் பாக்கவா சித்தப்பா அவ்ளோ தூரம் போனீங்க? நம்ம புது ஆத்து மதகுல இல்லாத மீனா?" என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரத்தநாட்டுப் பக்கம் பிறந்து, ஆற்றில் தண்ணீர் நின்றதும் குட்டையில் ஊத்தா போட்டு விரால் பிடித்து வளர்ந்தவன் நான். பிடித்து என்பது கொஞ்சம் அதிகம். பிடித்தவர்களுக்குப் பின்னால் சட்டி தூக்கிக்கொண்டு போனவன். அந்தச் சட்டியையும் ஒருமுறை வரப்பில் வழுக்கிக் கவிழ்த்து, எட்டு விராலுக்கும் மறுவாழ்வு கொடுத்திருக்கிறேன்.

2019 மே மாதம் மகன் டிக்கெட் அனுப்பியிருந்தான். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். தஞ்சாவூரிலிருந்து மெட்ராஸ் போவதற்குள் சிங்கப்பூர் வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் எங்களைச் செந்தோசா தீவுக்கு அழைத்துப் போனான். மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்கு அமைதி என்று பொருள். நம் 'சந்தோஷ'த்துக்கு உறவு. முன்பு அந்தத் தீவுக்குப் பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி. மாத்தி என்றால் சாவு. பழைய பெயரையே வைத்திருந்தால் என் வீட்டுக்காரி பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டாள்.

அங்கே இருக்கும் மீன் காட்சிசாலைக்கு நாங்கள் போனபோது எஸ்.இ.ஏ. அக்வேரியம் என்று பெயர். 2012-ல் திறந்த சமயத்தில் உலகத்திலேயே பெரியது. இரண்டே வருஷத்தில் சீனாக்காரர்கள் சூஹாயில் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டிவிட்டார்கள். டிக்கெட் என்ன விலை என்று கேட்டேன். மகன் சொல்லவில்லை. சொன்னால் நான் அதை ரூபாயாக்கி, ரூபாயை நெல் மூட்டையாக்கி, மூட்டையை மனதில் சுமந்துகொண்டே உள்ளே நடப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

சின்னச் சின்னத் தொட்டிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குடை மாதிரி விரிந்து சுருங்கும் சொறி மீன், நின்றபடி நீந்தும் கடல் குதிரை. பேத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள்; நான் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" சொன்னேன். பிறகு ஒரு திருப்பம். இருட்டு. திரும்பினால், கடல்.

கண்ணாடி என்றுதான் நினைத்தேன். கண்ணாடி இல்லையாம், அக்ரிலிக். 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், கனம் மட்டும் 70 சென்டிமீட்டர். மகன் மீட்டரில் சொல்ல, நான் அடிக்கு மாற்றினேன். அகலம் 118 அடி. நூற்றுப் பதினெட்டு! மேட்டூர் அணையின் நீர்மட்டம் இந்த எண்ணுக்கு வந்துவிட்டால் எங்கள் ஊரில் வெடி போடுவோம். அங்கேயே எனக்கு லேசாக உடம்பு சிலிர்த்தது.

அந்தப் பக்கம் ஒரு யானைத் திருக்கை வந்தது. முறத்தை நாலு சேர்த்துத் தைத்தாற்போல ஒரு சிறகு, அந்தப் பக்கமும் அதேபோல ஒன்று. அடிக்கவில்லை, படபடக்கவில்லை, ஈரத்துணியைக் கொடியில் போட்டால் மெல்லத் தொய்யுமே, அப்படி ஒரு அசைவில் தலைக்கு மேலே போயிற்று. வெள்ளை வயிற்றில் ஐந்தைந்தாகப் பத்துச் செவுள் கீற்றுகள். இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம் என்று தலையை நீட்டினேன். ணங்!

அக்ரிலிக்குக்குள் ஒளி போகிற வளைவும் தண்ணீருக்குள் போகிற வளைவும் ஏறக்குறைய ஒன்றுதானாம். அதனால் நடுவில் ஒரு தடுப்பு இருப்பதே தெரியாது. ஒளி காற்றுக்கு வரும்போது வளைவதால், மீனும் உள்ளதைவிடக் கிட்டத்தில் இருப்பதாகத் தெரியும். இந்த விஞ்ஞானத்தை நான் நெற்றியால் படித்தேன். "தாத்தா, அங்க சுவர் இருக்கு" என்றாள் பேத்தி, காலம் கடந்து.

என் வீட்டுக்காரி அதைக்கூடக் கவனிக்கவில்லை. அவள் ஒரு சுறாவோடு கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தாள். பேத்தி பிறந்தபோது மருமகளுக்குப் பால் சுறா வாங்கி, அவித்து, உதிர்த்து, பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்து கொடுத்தவள் அவள். "இந்தச் சைசுன்னா நாலு பிரசவத்துக்கு வரும்" என்றாள். அந்த இருட்டிலும் மகனுடைய முகம் சிவந்தது எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, ஒகினாவாவுக்குப் போகவில்லை. அங்கே சுராவுமி என்கிற காட்சிசாலையில் திமிங்கலச் சுறாவே நீந்துகிறது. செந்தோசாவிலும் அதைக் கொண்டுவருவதாக இருந்து, 2009-ல் கைவிட்டார்கள். வந்திருந்தால் என் வீட்டுக்காரி ஒரு ஊருக்கே பத்தியம் வைத்திருப்பாள்.

எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன். அந்த ஒரு தொட்டியில் மட்டும் 1 கோடியே 80 லட்சம் லிட்டர். பெஞ்சில் உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வயலில் இரண்டு அங்குலம் தேக்கினால் ஏறக்குறைய 88 ஏக்கர். எங்கள் கணக்கில் பதின்மூன்று வேலி. என்னுடையது ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். என் வயலுக்கு மட்டும் திறந்துவிட்டால் 29 தடவை பாய்ச்சலாம். ஒரு தாளடியே முடிந்துவிடும். பூச்சி மருந்து அடிக்கிற செலவு தனி.

"அண்ணே, தமிழா?" என்று பக்கத்தில் ஒரு குரல். கட்டடத்தில் வேலை பார்க்கும் பையன், வார லீவுக்குக் கூட்டாளிகளோடு வந்திருக்கிறான். ஊர் திருத்துறைப்பூண்டி. நான் ஒரத்தநாடு என்றதும், தலைக்கு மேல் போகும் திருக்கையையோ என் நெற்றிப் புடைப்பையோ பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மேட்டூர்ல எவ்வளவு நிக்குது?" என்றான். முழு 120 அடியில் பாதிகூட இல்லை என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தோம். கணக்குச் சீட்டை அவனிடம் காட்டினேன். அவன் படித்தான், என் முகத்தைப் பார்த்தான், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டில் கணக்கை வீட்டாருக்கு விளக்கினேன். பதின்மூன்று வேலி, 29 பாய்ச்சல், எல்லாம். எல்லோரும் கேட்டார்கள். மருமகள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மாமா, அது உப்புத் தண்ணி" என்றாள்.

ரசம் மட்டும் சத்தம் போட்டது.

கடைமடையில் கடல்நீர் ஏறி நிலம் பாழாவதைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் கால் மணி நேரம் பேசியவன் நான். சுனாமி வருஷத்தில் நாகப்பட்டினத்துப் பக்கம் உறவினர் வயலில் உப்புப் பூத்துக் கிடந்ததை நேரில் பார்த்தவன். லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்தாலும் அந்தத் தொட்டியில் 630 டன் உப்பு. உப்பு எடுக்க 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக வேதாரண்யம் வரை நடந்தார். நான் விமானத்தில் போய், அத்தனை உப்பையும் ஒன்பது மாவில் பாய்ச்சிவிட்டு வந்திருக்கிறேன்.

"விடுங்க, நெத்தில அடிபட்ட அதிர்ச்சி" என்றாள் வீட்டுக்காரி. கல்யாணமான நாளிலிருந்து எனக்காக அவள் பேசிய முதல் வார்த்தை அது. அதைக் கெடுக்க வேண்டாமென்று, கணக்கை நெற்றியில் அடிபடுவதற்கு முன்பே மனதில் போட ஆரம்பித்துவிட்டேன் என்பதை நான் சொல்லவில்லை.

அந்தக் காட்சிசாலையை இப்போது மூன்று மடங்கு பெரிதாக்கி, 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்று பெயர் மாற்றித் திறந்திருக்கிறார்கள். மகன் மறுபடி கூப்பிடுகிறான். போகலாம், ஆனால் குறுவை நட்ட பிறகு.

நாங்கள் போய்வந்த 2019-ல், வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. ஆகஸ்ட் 13-ல்தான் திறந்தார்கள். புது ஆற்றில் தண்ணீர் வந்த அன்று மதகுக்குப் போனேன். கலங்கல் தண்ணீர், ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு இல்லை.