தொங்கும் சாஸ்திரம்

கைப்பிடிக்குள் நில்லாத பாக்கியங்களையெல்லாம் தலைக்கு மேலே ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் அவை ஓடிப்போகமாட்டா என்பது மனித குலத்தின் புராதனமான நம்பிக்கை. இதற்கு ஆதாரம் தேடி ஆகமங்களைப் புரட்ட வேண்டியதில்லை. பல்லடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு தெரு நடந்தால் போதும். விசைத்தறிக் கூடத்து வாசலில் திருஷ்டிப் பூசணி, கோழிக்கடையில் கயிற்றில் கட்டிய படிகாரம், புதுவீட்டு முகப்பில் ஆகாசகருடன் கிழங்கு என்று, காடாத் துணிக்கும் கறிக்கோழிக்கும் பெயர்பெற்ற இவ்வூரின் சகல ஐசுவரியங்களும் ஏதோ ஒரு கயிற்றை நம்பியே அந்தரத்தில் நிற்கின்றன.

இத்தகைய ஊரில் தொங்கும் வஸ்துக்களுக்கென்றே ஒருவர் கடை திறந்தது அதிசயமன்று. அவை ஜப்பானியத் தொங்கல்களாக இருந்ததுதான் விசித்திரம். கடைக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். ஊரார் சட்டைக்காக ஆயுள் முழுதும் துணி வெட்டி, மிஞ்சிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டுக் கிலோ கணக்கில் வேஸ்ட் குடோனுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து, அவற்றுக்கு ஒரு நல்ல கதி தேடிக் கொடுக்கும் கடமை தமக்குண்டு என்ற எண்ணம் அவர் மனத்தில் குடியேறிவிட்டது. இந்திய - ஜப்பானிய ஒப்பந்தத்தால் 2011-இல் ஆடைகளுக்குச் சுங்கவரி நீங்கிய பிறகு கம்பெனிக்கு வந்த ஜப்பானிய வியாபாரி ஒருவர் அன்பளிப்பாகத் தந்து சென்ற துணிச்சரம் ஒன்று, அந்தக் கதிக்கு வழியும் காட்டியதாம்.

கடைக்குள் நிமிர்ந்து நுழைய இயலாது. கூரையிலிருந்து இறங்கும் துணிக் குரங்குகளும் முயல்களும் ஆமைகளும் நெற்றியில் இடிப்பதால், எவ்வளவு பெரிய மில் முதலாளியாயினும் இடுப்பை வளைத்து வணங்கிக்கொண்டேதான் பிரவேசிக்கிறார். ஜப்பானிய உபசாரத்தின் முதற்பாடம் இவ்வாறு கட்டணமின்றியும், மாணாக்கரின் சம்மதமின்றியும் போதிக்கப்பட்டுவிடுகிறது.

ஜப்பானில் மார்ச் 3-ஆம் தேதி பெண்குழந்தைகளின் திருநாள். நம் நவராத்திரியைப் போலவே அங்கும் படிகட்டி, சிவப்புத் துணி விரித்து, சக்கரவர்த்தி தம்பதிகளை மேற்படியில் எழுந்தருளச் செய்து கொலு வைக்கிறார்கள். திருநாள் கழிந்ததும் பொம்மைகளைச் சீக்கிரம் எடுத்து வைக்காவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம் தள்ளிப்போகும் என்று அங்கே ஓர் ஐதிகமும் உண்டென்று கேட்டபோது, நம் பாட்டிமார் குடியேறாத தேசமே பூமியில் இல்லையென்று தெளிந்தேன்.

அந்தப் பொம்மைகளின் விலையோ சாமானியருக்கு எட்டாதது. ஆகவே எடோ காலத்திலே, இஸு தீபகற்பத்துக் கடற்கரை ஊராகிய இனாடோரியில், பழைய கிமோனோக்களின் துணுக்குகளைப் பொம்மைகளாகத் தைத்து, உள்ளே பஞ்சடைத்து, சரமாகக் கோத்துக் கொலுப்படியின் இருபுறமும் தொங்கவிட்டார்கள். சரத்துக்கு 11 பொம்மை, வளையத்துக்கு 5 சரம், ஜோடி வளையம், ஆக 110. கியூஷூத் தீவின் யானகாவாவில் கணக்கு வேறு: 7 சரம், சரத்துக்கு 7 பொம்மை, நடுவே வண்ண நூல் சுற்றிய பெரிய பந்து 2, ஆக 51. மனிதனுக்கு ஆயுள் 50 என்று கருதிய நாளில், எங்கள் பெண் ஒரு வருஷமாவது கூட இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பெற்றவர்கள் விதியோடு நடத்திய பேரம் அது. ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காத அவர்களுடைய நாகரிகத்தை நாம் மெச்சவேண்டும்.

ஒவ்வோர் உருவுக்கும் ஓர் உத்தியோகம் உண்டு. பீச் பழம் பீடைகளை விரட்டும். கூன் விழும்வரை வாழவேண்டுமென்று முதுகு வளைந்த இறால். செம்மிளகாய், பெண்ணைப் பூச்சி அண்டாமல் காக்கும். அவளைச் சுற்றிவரும் பொல்லாத வாலிபர்களும் அந்தச் சாஸ்திரப்படி பூச்சி வர்க்கத்தில் சேர்ந்தவர்களே.

ஜப்பானியர் இதைச் சுருக்கம் விழுந்த பட்டில் செய்கிறார்கள். நம்மவர் கையில் இருப்பதோ பனியன் துணி. "சிங்கிள் ஜெர்சியை வெட்டுனா ஓரம் தானாச் சுருண்டுக்குமுங்க, சட்டை தெக்கறவனுக்கு அது ரோதனை, எனக்கு எறா வாலுக்கு அதுதானுங்க வசதி" என்று சொல்லிக்கொண்டே, ஆரஞ்சு நிறத் துண்டொன்றை இரு கையாலும் இழுத்து விட்டார். துண்டின் ஓரம் சுருண்டு, வால் தயாராகிவிட்டது.

துணியைத் தைத்துத் தொங்கவிடுவது நமக்கும் புதிய வித்தையன்று. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் வண்ணத் துணிகளை ஒட்டுவேலையாகத் தைத்துத் தேரிலும் மண்டபத்திலும் கட்டும் தொம்பைகளை அறியாதார் யார்? நாம் சுவாமிக்குச் செய்த அந்த அலங்காரத்தை, அவர்கள் வீட்டில் தவழும் குழந்தைக்குச் செய்தார்கள் என்பதுதான் பேதம்.

நான் அங்கிருந்தபோது, முறைப்படி வணங்கியே உள்ளே நுழைந்த ஏற்றுமதியாளர் ஒருவர், தலைக்கு மேலிருந்த சரக்கைக் கண்ணாலேயே எடைபோட்டுவிட்டு, "ஏனுங்க மாஸ்டர், மாசம் ஆயிரம் செட்டுப் போட்டுக் குடுத்தீங்கன்னா ஜப்பானுக்கே அனுப்பிப்போடலாமுங்க. பீஸ் ரேட் மட்டும் சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் ஊசியில் நூல் கோத்தபடியே பதில் சொன்னார்: "தெக்கறதுக்குப் பீஸ் ரேட் போட்டர்லாமுங்க. ஒவ்வொண்ணு தெக்கறப்பவும் அந்தப் புள்ள நல்லாருக்கோணும்னு நெனைக்கோணுமுங்களே, அந்த நெனைப்புக்கு என்ன ரேட்டுங்க போடறது?"

காஜா அடிப்பதற்கும் பிசிர் வெட்டுவதற்கும் பைசா சுத்தமாக ரேட் நிர்ணயித்திருக்கும் தொழிலில் தலை நரைத்த அந்த மனிதர், கணக்குப் போடத் திறந்த கைபேசியைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார். சற்று நேரம் கழித்து, கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம் புதல்வியின் ஞாபகம் வந்ததோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, மிளகாய் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்தார்.