சிப்ஸ் கடைக்குப் பாட்டாவின் ஆசி

லேய் மக்கா, பாக்குற வேலைய விட்டுட்டு வடசேரியில ஏத்தங்காய் சிப்ஸ் கடை போடப் போறியாம்லா? ஒனக்க அம்மை சொன்னா. நல்ல காரியம். நாகருகோயில்ல சிப்ஸ் கெடைக்காம சனங்க தவிச்சுப்போயில்லா நிக்காவ!

கடைக்குப் பேரு வச்சாச்சு, போர்டு அடிச்சாச்சு, ஏசிக்காரன் வந்து அளந்துட்டும் போயாச்சு. ஏத்தங்குலை கிலோ என்ன விலைன்னு கேட்டா மட்டும் "பெறவு பாத்துக்கிடலாம் பாட்டா"ங்குதே. கெட்டிக்காரன்!

குலைய எடை போட்டுத்தான் வாங்குவே. தண்டு போவும், தோலு போவும், வேவும்போ தண்ணி போவும். தேறுறது வாங்குன எடையில பாதிகூட வராது. அத வச்சில்லா விலை போடணும்? தேங்காயெண்ணெய் 2025-ல லிட்டரு 400 ரூவாயத் தாண்டிச்சு. ஈத்தாமொழித் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு உண்டும், பெருமைதான். அதச் சொன்னா எண்ணெய்க்காரன் ரெண்டு ரூவா கொறைப்பானா?

சட்டி முன்னால நிக்க மாஸ்டரக் கண்டியா? எண்ணெய்க்கு மேலயே காயச் சீவி விடுவான். ஒரு கரண்டி மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணிய ஊத்துவான். சடசடன்னு பொரியும். அந்தச் சத்தம் அடங்குற நேரம் பாத்துக் கோரணும். முந்தினா மறுநாளே நமுத்துரும், பிந்தினா கருகிரும். அவனுக்கு ஒருநா வயித்தால போச்சுன்னா ஆரு நிப்பா? நீயா? ஒனக்கு வெந்நி வைக்கத் தெரியுமா?

கடனுக்கு முத்ரா இருக்குன்னு சொல்லுகே. 2015-ல இருந்து இருக்கு, அடமானம் கேக்க மாட்டான். தவணையக் கேப்பான். ஒனக்குன்னு மாசச் சம்பளம் கணக்குல எழுதியிருக்கியா? இல்லன்னா பெட்டியில கைவிட்டு எடுப்பே. எடுத்தது லாபமா முதலான்னு ஒனக்கும் தெரியாது, ஆடிட்டருக்கும் தெரியாது.

பெறவு சொந்தக்காரனுவ நாங்க எதுக்கு இருக்கோம்? கலியாண வீட்டு எலைக்குப் பத்து கிலோ எடுத்துட்டு "எழுதிக்கோ மக்கா"ன்னுட்டுப் போவோம். மொத ஆளா நாந்தான் வருவேன். காய்க்காரன் எழுதிக்கிட மாட்டான், கையில காசக் கேப்பான். நீ எங்கிட்ட கேக்க முடியுமா? கேட்டா ஒனக்க கலியாணத்துக்கு நான் வருவேனா?

இன்னொண்ணு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயலு. ஒரு நாளுல நம்ம ஜில்லா வாழையெல்லாம் தரையில கெடந்து. அப்படி ஒரு நாளு வந்தா, கடையப் பூட்டிட்டும் வாடகை குடுக்க ஆறு மாசக் காசு தனியா கெடக்கணும். ஏசிக்கு வச்சிருக்குற காசு அதுக்குச் செரியா இருக்கும்.

இம்புட்டுக்குப் பெறவும் போடணும்னா போடு, நான் தடுக்கல. அதுக்கு முன்னால ஏதாவதொரு சிப்ஸ் கடையில போயி ஒரு மாசம் கூலிக்கு நில்லு. ஓணத்துக்கு நிக்காத, அய்யப்பசாமிமாரு கன்னியாரிக்கு வாற சீசன்லயும் நிக்காத. அப்பம் கல்ல வறுத்து வச்சாலும் விக்கும். மாசியில நில்லு.