எல்லாருக்கும் மூஞ்சூறு

ஞானப்பழப் பந்தயத்தில் தகராறு வந்ததற்குக் காரணம் நாரதர் இல்லை, வண்டி. தம்பிக்கு மயில், அண்ணனுக்கு மூஞ்சூறு. ஓடி ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் அண்ணன் அப்பா அம்மாவைச் சுற்றி வந்து டிராக்கையே சுருக்கிவிட்டார். தம்பி உலகத்தைச் சுற்றி வந்து பார்த்தால் பழம் போயிருந்தது. கோபித்துக்கொண்டு பழனி மலை ஏறினார்.

எங்கள் திருநெல்வேலி டவுனில் இந்த வழக்குக்கு வருஷா வருஷம் ஆனியில் தீர்ப்பு உண்டு. நெல்லையப்பர், காந்திமதியம்மன், பிள்ளையார், முருகன், சண்டிகேசுவரர் என்று அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு தேர். உயரம் வேறானாலும் இன்ஜின் ஒன்றுதான்: வடம் பிடிக்கிற சனம். பெட்ரோல், நீர்மோர். பிரேக், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டுத் துள்ளி விலகுகிற ஆள்.

"இதுல யாரு அண்ணாச்சி ஜெயிப்பா?" என்று சின்ன வயசில் கேட்டேன்.

"நிலைக்கு வந்து சேந்தவன் எல்லாம் ஜெயிச்சவன்தாம்லே."

மெட்ராஸ்காரர்களுக்கு இது புரிய நாளாயிற்று. சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் நடத்தியது மயில், மூஞ்சூறு பந்தயம்தான். பட்டறையில் தட்டிக்கொட்டிய உள்ளூர் வண்டி ஒருபக்கம், சீமைக் கார் மறுபக்கம். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து இறக்கினார். தோற்றவனுக்கும் ஒரு வசதி இருந்தது. "வண்டி சரியில்லவே" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். 1988-ல் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதியில் எல்லாருக்கும் ஒரே வண்டி, ஒற்றை சீட்டு, மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் இன்ஜின், 796 சிசி. ஒன்பது உருப்படியையும் ஒரு தூக்குவாளி புளியோதரையையும் அடைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு முனகிப் போகுமே, அதே இன்ஜின். கரி என்றால் யானை. யானைப் பேர்க்காரர் ஊருக்கெல்லாம் மூஞ்சூறு கொடுத்ததில் என்ன அதிசயம்?

அதற்குப் பிறகு ஃபார்முலா மாருதி சீசன்களில் அப்பா பணத்துக்கு வளைவில் வேலை இல்லாமல் போயிற்று. பின்னால் வந்தவன் முன்னால் போனவனின் வண்டியைப் பார்க்கிறான், தன் வண்டியைப் பார்க்கிறான், ரெண்டும் ஒன்று. மிச்சம் இருப்பது ஓட்டுகிறவன்தான். இதைவிட அவமானம் உண்டா?

அந்த மூஞ்சூற்றில் ஏறிய கோவைப் பையன் ஒருவன் முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினான். பேர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் காரில் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரி இல்லை. 1995-லேயே ஒரு குட்டி விமான விபத்தில் போய்விட்டார்.

நரேன் ஓட்டிய அந்த 2005-ல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் 20 கார்கள் வரிசை கட்டின. மிஷலின் டயரை நம்ப முடியாது என்று 14 கார்கள் கிளம்புமுன்பே கொட்டகைக்குத் திரும்பின. மிச்சம் ஆறு. நரேன் நாலாவதாக வந்தார். முதல் ரெண்டும் ஃபெராரி. மயிலிடம் தோற்றதாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மூன்றாவது வந்த டியாகோ மான்டெய்ரோ ஓட்டியதும் அதே ஜோர்டான்தான். கரி வகுத்த சட்டப்படி இதற்குச் சாக்கு கிடையாது.