பாதத்தின் மேல் போட்ட பழி

1950 பிரேசில் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இந்தியா ஏன் போகவில்லை? எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பட்டென்று சொல்லும்: வெறுங்காலோடு ஆட ஃபிஃபா விடவில்லை. ஏழை நாடு, வெறுங்கால், வெள்ளைக்காரன் சட்டம். கண்ணீர் வரவழைக்கிற கதை. குறை ஒன்றுதான்: அது கதை.

கதைதான் வேண்டுமென்றால் நானும் ஒன்று கட்டுகிறேன். கற்பனை என்ன இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கு மட்டும் பட்டா போட்ட நிலமா?

கால்பந்துச் சங்க அலுவலகம். மேசையில் பிரேசிலிலிருந்து வந்த அழைப்பு. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிவிட்டதால் ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடாமல் இடம் கிடைத்தாயிற்று. பயணச் செலவில் பெரும்பகுதியையும் தாங்களே தருகிறார்களாம். பெரியவர் கண்ணாடியைத் துடைக்கிறார்.

"உலகக் கோப்பையா? யாருய்யா குடுக்குறது? ஒலிம்பிக்ஸ்னா ஒரு மரியாதை."

"கப்பல்ல ரொம்ப நாளாகும் சார்."

"நாம எத்தனை பேர் போகலாம்?"

"ஆடுறவங்கதான் சார் போகணும்."

"அப்படியா? பயிற்சிக்கு நேரமில்லன்னு எழுதிடு."

"பின்னால யாராவது கேட்டா?"

"பசங்க பூட்ஸ் போடாமத்தானே ஆடுறானுங்க? அவனுங்க காலைக் காட்டிடு."

என் பொய் இவ்வளவுதான். நிஜம் இதைவிட அசிங்கம். அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, போதிய பயிற்சி இல்லை என்றுதான் சங்கம் அன்று காரணம் சொன்னது. கால் பிற்பாடுதான் கதைக்குள் வந்தது. சங்கத்துக்கு உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை, வெறுங்கால் என்பது சாக்கு என்று அணித்தலைவர் சைலன் மன்னாவே பின்னாளில் சொல்லிவிட்டார். யார் காதில் விழுந்தது?

அந்தக் கால்கள் லேசுப்பட்டவையா? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்தார்கள். சாரங்கபாணி ராமன் கோல் போட்டார். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டும் தோற்றது 2-1 என்றுதான். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள், ஆடத் தெரிந்தவனின் காலைக் கோணல் என்றார்கள்.

1952 ஹெல்சின்கிக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. சரி, பூட்ஸ் வந்தாயிற்றே, உலகக் கோப்பைக்குக் கிளம்பினோமா? தகுதிச் சுற்றில் நாம் முதன்முதலாகக் கால் வைத்ததே 1986 கோப்பைக்குத்தான். இடைப்பட்ட காலத்துக்கு ஒரு கதை கட்டக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

ஃபிஃபா நம்மை உண்மையாகவே தடை செய்தது 2022 ஆகஸ்டில். சங்கத் தேர்தலை உரிய காலத்தில் நடத்தாமல் நாற்காலியில் ஒட்டிக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் அவர்களை இறக்கிவிட்டு நிர்வாகக் குழு அமைத்தது. வெளியார் தலையீடு என்று ஃபிஃபா கதவைச் சாத்தியது. அன்றைக்கு நம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.