தொப்பிக்கடைப் பிரபு

1909-ல் வியன்னாவிலிருந்து கிளம்பி, கப்பலேறி நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் வந்து இறங்கினார் ஓர் இளைஞர். பேர் என்னப்பா என்றால், மூச்சு வாங்க ஒப்பித்தார்: எரிக் ஓஸ்வால்ட் ஹான்ஸ் கார்ல் மரியா ஃபான் ஸ்ட்ரோஹைம் உண்ட் நார்டன்வால். அக்மார்க் பிரபு வம்சம்! ஊரில் அப்பா பென்னோ ஸ்ட்ரோஹைம் தொப்பி வியாபாரி. நடுக்கடலில்தான் பட்டாபிஷேகம் நடந்திருக்க வேண்டும்.

ஹாலிவுட் நம்பியதா? கண்ணை மூடிக்கொண்டு நம்பியது சார். மொட்டைத்தலை, ஒற்றைக்கண் கண்ணாடி, இஸ்திரி போட்ட மாதிரி முதுகு. இதற்கு மேல் யார் சர்டிஃபிகேட் கேட்பார்கள்? 1957-ல் அவர் கண்ணை மூடிய பிறகுதான் பிறப்புப் பதிவைத் தோண்டி எடுத்தார்கள்.

டைரக்டரானதும் 'ஃபூலிஷ் வைவ்ஸ்' (1922) படத்துக்காக யுனிவர்சல் கம்பெனி செலவில் மான்டே கார்லோவையே கலிஃபோர்னியாவில் கட்டினார். பட்ஜெட் எகிறியது. இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷமே ஆன மேனேஜர் இர்விங் தால்பெர்க், ஆளைத் தூக்கலாமா என்று பார்த்தால், படத்தின் முக்கிய வேஷமும் அவரேதான்! முகத்தை எப்படி மாற்றுவது? வேறு வழியில்லாமல் ஊதாரித்தனத்தையே விளம்பரமாக்கி, ஸ்ட்ரோஹைம் என்ற பெயரின் முதல் எழுத்தான S-க்குப் பதில் டாலர் குறியைப் போட்டு பிராட்வேயில் பெரிய போர்டு வைத்தார்கள். ஆமாம், என்ன வேஷம் என்று சொல்லவில்லையே: போலி ரஷ்யப் பிரபு.

அடுத்த படம் 'மெர்ரி-கோ-ரவுண்ட்'. தால்பெர்க் உஷார். டைரக்ட் பண்ணு, நடிக்காதே. நம்மவரோ ராஜ காவல்படையாக நடித்தவர்களுக்கு முத்திரை பொறித்த பட்டு உள்ளாடை தைக்கச் சொன்னார் என்று ஹாலிவுட்டில் ஒரு கதை உலவுகிறது. அதை எந்த கேமரா பார்க்கப் போகிறது, சென்ஸார்தான் விடுமா? பாதிப் படத்தில் சீட்டைக் கிழித்தார்கள்.

நம்மவர் கோல்ட்வின் கம்பெனிக்குத் தாவி 'கிரீட்' எடுத்தார். கொதிக்கும் கோடையில் யூனிட்டையே டெத் வேலி பாலைவனத்துக்கு ஓட்டிப்போய் வறுத்தெடுத்தார். முதல் வெட்டு 42 ரீல், ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்! இன்றைக்கென்றால் ஓடிடியில் 'சீசன் ஒன்று' என்று கைதட்டியிருப்போம். அவர் நேரம், 1924-ல் கோல்ட்வின் கம்பெனி எம்ஜிஎம்மில் இணைந்தது. புது முதலாளி நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவர்? அதே தால்பெர்க்! படம் பத்து ரீலாக வெளியே வந்தது. வெட்டிய மிச்சத்தை இன்னமும் தேடுகிறார்கள்.

பிறகு 'குயின் கெல்லி'. அங்கே நாயகி குளோரியா ஸ்வான்சனே வெளியே அனுப்பிவிட்டார். அதே ஸ்வான்சனுடன் 1950-ல் 'சன்செட் பூலவார்ட்' படத்தில் நடித்தார், அவர் வீட்டு வேலைக்காரராக. முன்னாள் டைரக்டர், இந்நாள் டிரைவர் என்று பாத்திரம். ஒரு சின்னச் சிக்கல், கார் ஓட்டத் தெரியாது. அதனால் காரை இன்னொரு வண்டி இழுத்துப் போக, நம் பிரபு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆஸ்திரியப் பேரரசையே ஓட்டுகிற தோரணையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்கருக்குப் பரிந்துரைத்தார்கள்.