கொடி காத்த பெருமக்கள்

பெல்ஃபாஸ்ட் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், குன்றின்மேல் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஸ்டோர்மன்ட் மாளிகையில் அமர்ந்து வட அயர்லாந்தை ஆளும் பெருமக்களே! உங்களைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆசை. சொல்லப்போவதில் மிகை எதுவும் இருக்காது. உங்கள் பெருமை ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது, பதிவு இருக்கிறது.

இருபது லட்சம் பேர்கூட இல்லாத உங்கள் மண்ணைத் தமிழர்கள் கவனிக்கக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட சண்டையை 1998 ஏப்ரல் 10 அன்று ஒரு புனித வெள்ளி ஒப்பந்தம் நிறுத்திக் காட்டியது. அடுத்த மாதமே வாக்களித்தவர்களில் 71.1 சதவீதம் பேர் அதை ஏற்றார்கள். ஆயுதம் ஏந்தி, பிறகு அமைச்சரான உங்கள் மார்ட்டின் மெக்கின்னஸ், 2006இல் கிளிநொச்சிவரை வந்து விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவினரைச் சந்தித்துவிட்டுப் போனார். அங்கே பேச்சு முறிந்து என்ன நடந்தது என்பதை நாங்கள் அறிவோம். உங்கள் ஊரில் ஒப்பந்தம் நின்றது. சாவு நின்ற ஊரில் மனிதர்கள் எப்படி வாழப் பழகுகிறார்கள் என்று பார்க்கத்தான் உங்கள் பக்கம் திரும்பினோம்.

பார்த்ததில் முதலில் மனத்தில் பதிந்தது உங்கள் விசுவாசம். பெல்ஃபாஸ்ட் மாநகராட்சிக் கட்டடத்தின் உச்சியில் 1906 முதல் ஆண்டு முழுக்கப் பிரிட்டனின் கொடி பறந்தது. பெரும்பாலும் கத்தோலிக்கரான ஐரிஷ் தேசியவாதிகள் அது அறவே வேண்டாம் என்றார்கள். பிரிட்டனோடு சேர்ந்திருப்பதையே உயிராக நினைக்கும், பெரும்பாலும் புராட்டஸ்டன்டான யூனியனிஸ்டுகள் ஒரு நாள்கூட அது இறங்கக் கூடாது என்றார்கள். இரண்டு பக்கமும் சேராத அலையன்ஸ் கட்சி, அரசு குறித்து வைத்திருக்கும் முக்கிய நாட்களில் மட்டும் ஏற்றலாம் என்றது. ஆண்டுக்குப் பதினெட்டு நாள் அளவுக்கு வரும். 2012 டிசம்பர் 3 அன்று 29க்கு 21 என்ற வாக்குக் கணக்கில் அது நிறைவேறியது. அந்த வாக்கெடுப்புக்கு முன்பே அலையன்ஸைச் சாடும் 40,000 துண்டறிக்கைகளை யூனியனிஸ்ட் கட்சிகள் அச்சிட்டு வீடுவீடாகச் சேர்த்திருந்தன. என்ன உழைப்பு! ஏழைப் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பையன்கள் படிப்பில் மிகவும் பின்தங்கிக் கிடக்கிறார்கள் என்று டான் பர்விஸ் தலைமையிலான குழு அதற்கு முந்தைய ஆண்டுதான் அறிக்கை எழுதியிருந்தது. அந்த அறிக்கைக்காகத் தெரு மறிக்கப்படவில்லை. கொடிக்காக மறிக்கப்பட்டது, அதுவும் மாதக்கணக்கில். அதே தெருக்களின் பையன்கள் உறைபனியில் வந்து நின்றார்கள். பலர் வழக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

கேரிக்ஃபெர்கஸில் அலையன்ஸ் அலுவலகம் எரிக்கப்பட்டது. அந்தக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் நயோமி லாங்குக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவருடைய அலுவலகத்துக்குக் காவலாக நின்ற போலீஸ் கார்மீது, பெண் காவலர் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே பெட்ரோல் குண்டு வீசினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட போலீசார் காயமடைந்தார்கள். துண்டறிக்கை அச்சிட்டவர்களில் யாரும் குண்டு வீசவில்லை. அவர்கள் வன்முறையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார்கள். நெருப்பைத் தாங்கள் தொடாமல் இருப்பதில் அவர்கள் காட்டிய ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன்.

விசுவாசத்துக்கு அடுத்தது நிதானம். கொடி, அடையாளம், பண்பாடு, மரபு ஆகிய நான்கையும் ஆராய 2016இல் ஓர் ஆணையம் அமைத்தீர்கள். ஐந்து ஆண்டுகள் ஆயின. எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவானது. 2021 டிசம்பரில் 168 பக்க அறிக்கை வெளிவந்தது. விளக்குக் கம்பங்களில் கட்டப்பட்டு, மழையில் நைந்து கந்தலாகத் தொங்கும் கொடிகளை யார் இறக்குவது என்ற கேள்விக்குத்தான் ஊர் மக்கள் விடை எதிர்பார்த்திருந்தார்கள். அறிக்கையைச் செயல்படுத்த ஒரு திட்டம் வகுக்க உங்கள் இரண்டு பெரிய கட்சிகளாலும் உடன்பட முடியவில்லை. ஆனாலும் அறிக்கையை நீங்கள் கிழித்தெறியவில்லை. அப்படியே வெளியிட்டீர்கள். யார் வேண்டுமானாலும் இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

உங்கள் சிக்கனத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2016 டிசம்பர் 23. மற்றவர்கள் பண்டிகைக்குப் பொருள் வாங்கப் போயிருந்த நேரம். உங்கள் துறை ஒன்று அன்றும் உட்கார்ந்து வேலை பார்த்தது. ஐரிஷ் மொழி பேசும் டோனகல் ஊர்களுக்குப் போய் வசதியற்றவர்கள் அந்த மொழியைப் படிக்க ஆண்டுதோறும் கொடுத்துவந்த 50,000 பவுண்டை அன்று நிறுத்தினீர்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்தும் அதே மின்னஞ்சலில் போனது. அதே மாதத்தில்தான் விறகுத்துகள் எரிக்கும் கொதிகலன்களுக்கு நீங்கள் கொடுத்த மானியத்தின் கதை வெளியே வந்திருந்தது. ஒரு பவுண்டுக்கு எரிபொருள் வாங்கி எரித்தால் 1.60 பவுண்ட் திரும்பி வரும். எவ்வளவு அதிகம் எரிக்கிறார்களோ அவ்வளவு லாபம். உச்ச வரம்பு வைக்க மறந்திருந்தீர்கள். இருபது ஆண்டுகளில் கூடுதல் செலவு 490 மில்லியன் பவுண்ட் ஆகும் என்று அப்போது கணக்கிட்டார்கள். அந்தத் தொகை கசிந்துகொண்டிருந்த நேரத்திலும் 50,000 பவுண்டை உங்கள் கண் தவறவிடவில்லை. எதிர்ப்பு வலுத்தபின் ஜனவரியில் அதைத் திருப்பிக் கொடுத்தீர்கள். அதற்குள் மெக்கின்னஸ் பதவி விலகியிருந்தார். ஆட்சி கவிழ்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு ஸ்டோர்மன்ட் சட்டமன்றம் மூடிக் கிடந்தது.

ஐரிஷ் மொழிச் சட்டம் கேட்டு அந்த மூன்று ஆண்டுகள் உறுதியாக நின்ற, மெக்கின்னஸின் ஷின் ஃபேன் கட்சியாரே, உங்கள் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும். ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்கும் கட்சி, லண்டன் நாடாளுமன்றத்துக்கு வென்றாலும் அங்கே போய் அமராத கட்சி, தன் தாய்மொழிக்கான சட்டத்தை அந்த லண்டன் நாடாளுமன்றத்தின் கையாலேயே பெற்றுக்கொண்டது. 2022 டிசம்பரில் அந்தச் சட்டம் வந்தது. நீதிமன்றத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்ற 1737ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வழிசெய்ததும் அதுதான். மொழிக்கு ஆணையரை நியமிக்க மட்டும் மேலும் ஆண்டுகள் பிடித்தன.

உங்கள் நினைவாற்றலும் பெரியது. நியூரியில் குழந்தைகள் ஊஞ்சலாடும் பூங்கா ஒன்றுக்கு, ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ அமைப்பைச் சேர்ந்தவரும் 1981 சிறை உண்ணாவிரதத்தில் இறந்தவருமான ரேமண்ட் மெக்ரீஷ் பெயர் 2001இல் சூட்டப்பட்டது. பத்துப் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களை வேனிலிருந்து இறக்கி வரிசையாக நிறுத்திச் சுட்ட 1976 கிங்ஸ்மில் படுகொலையில் பயன்பட்ட துப்பாக்கிகளில் ஒன்று, அவர் கைதானபோது அவரிடம் இருந்தது. அந்தப் பத்துப் பேரின் உறவினர்கள் பெயரை மாற்றுங்கள் என்று கேட்டார்கள். மாவட்ட மன்றம் கூடி, விவாதித்து, பெயரை வைத்துக்கொண்டது. தன் பக்கத்துப் பிணத்தை மறவாத இந்தக் குணம் உங்கள் இரண்டு தரப்புக்கும் பொது. எதிர்ப்பக்கத்து வீட்டிலும் அழுகை உண்டு என்பதை மட்டும் நினைவு அதிகாரிகள் யாரும் குறித்து வைக்கவில்லை.

சுவர்களுக்கு வருகிறேன். 1969 ஆகஸ்டில் பம்பாய் தெரு எரிந்த பிறகு கத்தோலிக்கத் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவே முள்கம்பி இழுத்தார்கள். இது மிகமிகத் தற்காலிகம் என்றார் அன்றைய ராணுவத் தளபதி. முள்கம்பி தகரமானது, தகரம் செங்கல்லானது, செங்கல்லின் மேல் இரும்புத் தடுப்பும் வலையும் ஏறின. கப்பர் வழியில் இன்று அது இரண்டு மாடி வீட்டைவிட உயரம். ஒப்பந்தத்துக்குப் பிறகும் புதிய சுவர்கள் எழுந்தன, பழையவை வளர்ந்தன. வடக்கு பெல்ஃபாஸ்டில் அலெக்சாண்ட்ரா பூங்காவைக் குறுக்கே வெட்டி ஒரு சுவர் எழுந்தது, ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவித்த 1994ஆம் ஆண்டிலேயே. அதில் ஒரு கதவு திறக்க 2011 ஆனது. இந்தச் சுவர்களை யாரும் பாழடைய விடவில்லை. வாசல் கதவுகளை இரவில் பூட்டுகிறார்கள், காலையில் திறக்கிறார்கள். உலகத்தில் பல அரசுகள் பள்ளிக் கூரையைக்கூட இவ்வளவு ஒழுங்காகப் பராமரிப்பதில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுவரை எடுக்காதீர்கள் என்று கேட்பவர்களில் சுவரோரக் குடிகளே அதிகம். கொல்லைப்புறத்தில் கல்லும் பாட்டிலும் விழுந்த வீட்டுக்காரரின் பயம் பொய்ப் பயம் அல்ல. அதனால்தான் உங்கள் துணிச்சலை வியக்கிறேன். அத்தனை பேரின் பயத்தையும் தெரிந்துகொண்டே, எல்லாச் சுவர்களையும் 2023க்குள் அகற்றுவோம் என்று 2013இல் எழுதிக் கொடுத்தீர்கள். சில இடங்களில் இறக்கவும் செய்தார்கள். 2023 வந்தபோது சுவர்கள் நின்றன. எழுதிக் கொடுத்தவர்கள்தான் மன்றத்தில் இல்லை, ஏனென்றால் மன்றம் மறுபடி மூடியிருந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து 2024 பிப்ரவரிவரை, பிரெக்ஸிட்டுக்குப் பிந்தைய வணிக எல்லையைக் காரணம் காட்டி யூனியனிஸ்ட் கட்சியான டியுபி ஆட்சியை நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் உறுப்பினர்களின் சம்பளம் குறைந்தது, ஆனால் ஒருபோதும் நிற்கவில்லை. ஐக்கிய ராஜ்யத்திலேயே மருத்துவச் சிகிச்சைக்கு மிக நீண்ட காத்திருப்புப் பட்டியல் வட அயர்லாந்தில்தான். இடுப்பு எலும்பு அறுவைக்கு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும் மூதாட்டி கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை.

நீங்கள் ஒன்றுசேரவே மாட்டீர்கள் என்று சொல்கிறவர்கள் நேய் ஏரியைப் பார்க்கட்டும். பிரிட்டன், அயர்லாந்து இரண்டிலும் சேர்த்து அதுதான் பெரிய நன்னீர் ஏரி. வட அயர்லாந்தின் குடிநீரில் நாற்பது சதவீதம் அங்கிருந்து வருகிறது. பண்ணைத் தொழிலைப் பெருக்க வழி சொல்லும் குழுவை டியுபி அமைச்சரும் ஷின் ஃபேன் அமைச்சரும் சேர்ந்துதான் அமைத்தார்கள். 2013இல் திட்டம் வந்தது. கோழிக் கொட்டகைகளும் பன்றிப் பண்ணைகளும் பெருகின. சாணக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஓடைகள் வழியாக ஏரியில் சேர்ந்தன. 2023 கோடையில் நீர்முழுக்க நச்சுப்பாசி படர்ந்து, பச்சைச் சாயம் கொட்டியதுபோல் ஆயிற்று. கரையோரம் நாய்கள் செத்தன, குளிப்பது தடைபட்டது, விலாங்கு மீன் பிடிப்பவர்கள் பிழைப்பை எண்ணி நின்றார்கள். கேள்வி கேட்க அமைச்சர் ஒருவர்கூட அப்போது பதவியில் இல்லை. ஒரே ஏரி, இரு சமூகத்துக்கும் ஒரே தண்ணீர், அதைக் கெடுத்ததிலும் இரு தரப்புக்கும் சம பங்கு. அதிகாரப் பகிர்வு இதைவிட முழுமையாக எங்கும் நடந்ததில்லை.

லைரா மெக்கீ பற்றிச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது. போர்நிறுத்தத்துக்குப் பின் வளர்ந்த தலைமுறையின் வலியை எழுதிய பத்திரிகையாளர் அவர். 2019 ஏப்ரல் 18 இரவு டெர்ரியில், புதிய ஐஆர்ஏ சுட்ட குண்டுக்கு இரையானபோது வயது 29. பெல்ஃபாஸ்ட் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் பாதிரியார் மார்ட்டின் மகில், கட்சித் தலைவர்கள் ஒன்றாக முன்னால் அமர்ந்திருக்க, நம்மை இந்த இடத்துக்குக் கொண்டுவர 29 வயதுப் பெண் ஒருத்தியின் சாவு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டார். மக்கள் எழுந்து கைதட்டினார்கள். நீங்களும் எழுந்தீர்கள். உங்களைக் குறைசொன்ன பேச்சுக்கு நீங்களே எழுந்து நின்றது சிறிய குணம் அல்ல. பிறகு, 2017இல் மூடிய மன்றத்தைத் திறக்க 2020 ஜனவரி ஆனது.

உள்ளொன்று வைக்காத புகழும் என்னிடம் உண்டு. அதற்கு உரியவர்கள் உங்கள் மாளிகையில் இல்லை. உண்ணாவிரதச் சாவுகளால் ஊர் கொதித்த 1981ஆம் ஆண்டிலேயே சில பெற்றோர்கள் சேர்ந்து, இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்க லேகன் கல்லூரி என்ற பள்ளியை 28 மாணவர்களோடு தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்தும், அத்தகைய பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பத்தில் ஒருவர்கூட இல்லை. லிண்டா எர்வின் என்ற புராட்டஸ்டன்ட் பெண்மணி, யூனியனிஸ்ட் கோட்டையான கிழக்கு பெல்ஃபாஸ்டில் 2011 முதல் ஐரிஷ் வகுப்பு நடத்துகிறார். 2021இல் அவர் தொடங்க நினைத்த இருசமூக ஐரிஷ் மழலையர் பள்ளிக்கு எதிராக வெறுப்புப் பிரசாரம் கிளம்பியது. இடத்தை மாற்றிக்கொண்டு, அதே ஆண்டு அதைத் திறந்தும் காட்டினார்.

பெருமக்களே, 2027 மே மாதத்துக்குள் உங்களுக்கு அடுத்த தேர்தல். அதற்குள் அந்த 168 பக்க அறிக்கைக்கு ஒரு செயல்திட்டத்தை வெளியிடுங்கள். சுவர்களை எடுக்கப் புதிய தேதி ஒன்றைக் குறியுங்கள். சுவரோரம் குடியிருப்பவர்களைக் கூட வைத்துக்கொண்டு குறியுங்கள். கலந்து படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்று இனி எந்தப் பள்ளியும் சொல்லாதபடி செய்யுங்கள்.